சராசரிங்கிற ஊரு எந்தத் தாலுகாவுல இருக்கு?

ஏலே மக்கா, நில்லு. அந்தப் பையை எதுக்கு அப்படிக் கட்டிப்பிடிச்சிட்டு வாற? வீரிய ஒட்டு நெல்லா? ஏக்கருக்கு 8 கிலோ போதும்னு சொல்லியிருப்பானே! விளைச்சலு இத்தனை மூட்டைன்னு பையில அச்சடிச்சிருக்கான். எந்த வயல்ல விளைஞ்சுதுன்னு அடிச்சிருக்கானா?

ஒட்டு நெல்லை நான் பழிக்கல. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல இருந்து கோ.ஆர்.எச் 1 வந்தது 1994ல. ரெண்டாவது 1998ல, மூணாவது 2006ல, நாலாவது 2011ல. எல்லா மண்ணுக்கும் ஒண்ணே போதும்னா, நாலு எதுக்குலே?

படிச்சவங்க விவரமாத்தான் செய்யுதாங்க. பல ஊரு ஆராய்ச்சி நிலையத்துல நட்டு, பெறகு விவசாயி வயல்லயும் நட்டு, பக்கத்துலயே பழைய ரகத்தையும் வச்சுப் பாக்காங்க. ஒரு ஊர்ல முந்துனது அடுத்த ஊர்ல மூக்கால அழும். எல்லாத்தையும் கூட்டி வகுத்தா சராசரி. நீ அந்த ஒத்தை எண்ணைப் பிடிச்சுத் தொங்குத. சராசரின்னு ஒரு ஊரு எந்தத் தாலுகாவுல இருக்கு, சொல்லு பாப்போம்?

நம்ம தூத்துக்குடியில 1961 வரைக்கும் முத்துக்குளிப்பு நடந்துச்சே, சர்க்கார் என்ன செஞ்சான்? கடலடியில சிப்பி கெடக்குத பாருல இருந்து கொஞ்சம் சிப்பி எடுத்து, முத்து தேறுமான்னு மதிப்புப் போட்டுத்தான் குளிக்க விட்டான். ஒரு பாரைப் பாத்துட்டுக் கடல் பூரா முத்துன்னு சொன்னானா?

வயலும் அப்படித்தான். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுப் பக்கத்துல இருக்கவனுக்கு ஒரு கணக்கு. வடகால் கடைசியில, கோரம்பள்ளம் குளத்துத் தண்ணிக்கு வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பாக்கவனுக்கு வேற கணக்கு. மேல்மடையில குலுங்குத கதிரு, உப்புத் தட்டுன மண்ணுல பதராப் போனா யாரைக் கேப்ப?

எடையைக் காட்டி எவனாவது மிரட்டுனா ரெண்டு கேள்வி கேளு. 14 சதவீத ஈரத்துக்குக் கணக்குப் பண்ணுனியா? பச்சையா நிறுத்தா தண்ணியும் நெல்லாத்தான் நிக்கும். வரப்போரத்தை விட்டுட்டு நடுவயல்ல அறுத்தியா? ஓரத்துப் பயிருக்கு வெயிலு கூட, அது எப்பவும் கொழுத்துத்தான் நிக்கும்.

இன்னொண்ணு. விளைஞ்சதுல விதை எடுத்து வச்சிரலாம்னு நினைக்காத. அடுத்த பூவுல ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை, ஒண்ணு முந்திப் பூக்கும். வருசா வருசம் பை வாங்கணும். அந்தச் செலவைக் கழிச்சியா?

வயலு பூராவும் போடாத. ஒரு பாத்தியில இது, ஒட்டுனாப்புல அம்பை 16. அம்பாசமுத்திரம் நிலையம் 1986ல விட்ட ரகம், இன்னைக்கும் நம்ம பக்கம் நிக்குது. ரெண்டுக்கும் ஒரே தண்ணி, ஒரே உரம். காருக்கும் பாரு, பிசானத்துக்கும் பாரு. தண்ணி ஏமாத்துன வருசத்துலயும் எது குலுக்கையில மிச்சம் வைக்குதோ, அதுதாம்லே உன் ரகம்.

அறுப்பு முடிஞ்சு கடன்காரன் களத்துல வந்து நிக்கும்போது, சராசரியை அளந்து போட முடியாது பாத்துக்கோ.