மாரிக்கு வந்த மருமோனுக்கு

வாரும் மருமோன். திண்ணையில தெற்குப் பக்கமாய் இரும். வடக்குப் பக்கம் இருந்தால் வாடைக்காத்து ஒரு காதால போய் மற்றக் காதால வரும். நடுவில தடுக்கிறதுக்கு ஒண்டும் இல்லை எண்டு மாமி சொல்லுறா. நான் சொல்லேல்லை.

நத்தாருக்கெண்டு ரொறன்ரோவில இருந்து பிளேன் ஏறி வந்தீர். சூட்கேசைத் திறந்து காட்டினீர்: அரைக்காற்சட்டை, வெயிலுக்குப் பூசிற கிறீம், கறுப்புக் கண்ணாடி. மார்கழியில யாழ்ப்பாணத்தில வெயில் காயலாம் எண்டு உமக்குச் சொன்ன புண்ணியவான் ஆர்? அங்கை சைபருக்குக் கீழ இருபது பாகையில கார்க் கண்ணாடியில பனி சுரண்டின மனிசன், இஞ்சை இருபத்திமூண்டு பாகையில என்ர சாரத்தைக் கடன் வாங்கிப் போத்துக்கொண்டு குந்தியிருக்கிறீர். "அது வேற குளிர் மாமா, இது வேற குளிர்" எண்டு ஒரு விளக்கம் வேற. விளக்கம் பிழையில்லை. அங்கை குளிர் வெளியில நிக்கும், நீங்கள் உள்ளுக்கை இருப்பியள். இஞ்சை உள்ளும் வெளியும் ஒண்டுதான். ஓட்டுக்கு இடையால காத்து, சீமெந்து நிலத்தால ஈரம், நாலு நாளாய்க் காயாத துவாய். அந்தத் துவாயால துடைச்சால் துடைக்க முந்தி இருந்ததை விட உடம்பு கூட நனையும்.

இந்தக் கிழமையையே பாருமன். ஞாயிறு பூசை முடிஞ்சு யாகப்பர் கோயில் வாசலில நிண்ட சனம் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினது. மாமி அதை நம்பி வீட்டில உள்ள போர்வை முழுக்கத் தோய்ச்சுக் கொடியில போட்டா. விடியக் கொடியும் இல்லை, வானமும் இல்லை, ஒரே தண்ணி. செவ்வாய்க்கிழமை மழையும் இல்லை வெயிலும் இல்லை, வானம் சும்மா முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு நிண்டது. புதன் காலமை இரண்டு சட்டை, மத்தியானம் சட்டையே வேண்டாம், பின்னேரம் திரும்பவும் சாரம். வியாழனைப் பற்றி நான் கதைக்கேல்லை. மாமி காது குடுத்துக்கொண்டு நிக்கிறா, போர்வை இன்னும் காயேல்லை.

நீர் போனைத் திறந்து, "மாமா, நாளைக்கு நாற்பது வீதம் மழை" எண்டீர். நாற்பது வீதம் எண்டால் என்ன? குருநகரில பத்துப் பேர் வெளிக்கிட்டால் நாலு பேர் நனையிறதோ? இல்லாட்டி நான் ஒராள் போனால் முழங்காலுக்குக் கீழ மட்டும் நனையிறதோ? இப்பிடி வானம் கிடக்கிற பத்து நாளில நாலு நாள் பெய்யும் எண்டுதான் அதின்ர கணக்கு. நல்ல கணக்குத்தான். நானும் அதைத்தான் செய்யிறன், வீதம் சொல்லுறதில்லை, அவ்வளவுதான். ஆரும் வந்து "அப்பு, மழை வருமோ?" எண்டு கேட்டால், வடக்கை ஒருக்காப் பார்ப்பன், கிழக்கை ஒருக்காப் பார்ப்பன், கொஞ்சம் செருமுவன். "வராது எண்டு சொல்லேலாது, வந்தாப் பிறகுதான் சொல்லலாம்" எண்டுவன். பெய்தாலும் அப்பு சொன்னவர், பெய்யாட்டிலும் அப்பு சொன்னவர். ஊருக்குள்ள மரியாதை வேணுமெண்டால் மழைக்கு மணித்தியாலம் மட்டும் குறிச்சுக் குடாதையும்.

ஆனால் உமக்கெண்டு ஒரு உண்மையைச் சொல்லுறன், வெளியில விடாதையும். மழையைக் கேளாதையும், காத்தைக் கேளும். எங்கட குருநகருக்குக் கரையூர் எண்டு பேர் இருந்த காலம் தொட்டு சனம் காத்துக்குத்தான் பேர் வைச்சுக் கூப்பிட்டது. வடக்கால வாறது வாடை, தென்மேற்கால சோளகம், மேற்கால கச்சான், கிழக்கால கொண்டல். மாரியில கடற்கரைக்குப் போய், காத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நில்லும். இடக்கையைப் பக்கவாட்டில நீட்டும். அந்தக் கை காட்டிற பக்கம்தான் தாழமுக்கம் கிடக்கும்.

சிரிக்காதையும். 1857 இல பைஸ் பலோட் எண்ட ஒல்லாந்துக்காரர் எழுதி வைச்ச விதி இது. உங்கை பண்ணையில கோட்டையைப் பிடிச்சுக் குந்தியிருந்த ஒல்லாந்தர் 1658 இல வந்தவை, 1795 இல இங்கிலீசுக்காரரிட்டைக் குடுத்துப்போட்டுப் போயிட்டினம். இன்னுமொரு அறுபத்திரண்டு வருசம் பொறுத்திருந்தால் எங்கட அப்பன் பாட்டனுக்கு இதையாவது சொல்லித் தந்திருப்பினம். வரி மட்டும் வாங்கிக்கொண்டு போட்டினம்.

வாடை நேராய் வடக்கால அடிச்சால் உம்மட இடக்கை கிழக்கைக் காட்டும். தாழமுக்கம் வங்கக்கடலில நிக்குது, இன்னும் வந்து சேரேல்லை. குளிரும், ஆனால் உடுப்புக் காயும். காத்துத் திரும்பித் தெற்காலயோ தென்கிழக்காலயோ அடிச்சால் கை மேற்குப் பக்கம் போகும். ஆள் எங்களைத் தாண்டிட்டார். வாலில மழை தொங்கும், உடம்பு புழுங்கும். இரண்டு தாழமுக்கம் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வந்தால் இந்தக் கிழமை மாதிரித்தான், காலமை போத்த சாரத்தை மத்தியானம் உரிஞ்சு எறிய வேணும். ஒண்டு மட்டும் கவனம்: உந்தச் சோதனையை றோட்டுக்கரையில நிண்டு செய்யாதையும். ஒருத்தன் செய்யப்போய், கை நீட்டினதைக் கண்டு ஓட்டோக்காரர் வரிசையில வந்து மறிச்சுப்போட்டாங்கள்.

விதி இருக்கெண்டு காத்துச் சொல்வழி கேக்கும் எண்டில்லை. 2020 இல வந்த புரெவிப் புயலைப் பாரும். பேர் மாலைதீவுக்காரர் குடுத்தது. மார்கழி 2 ஆம் திகதி இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் நடுவில கரையேறி, வன்னியைக் கடந்து, மன்னார் வளைகுடாவுக்குள்ள இறங்கிச்சுது. சரி போட்டுது எண்டு சனம் மூச்சு விட, அது ராமநாதபுரத்துக்குக் கிட்டப் போய் அசையாமல் நிண்டிட்டுது. "போட்டு வாறன்" எண்டு சொல்லிப்போட்டுப் படலையில நிண்டு இன்னுமொரு மணித்தியாலம் கதைக்கிற உம்மட சின்ன மாமி மாதிரி. அது நிண்ட நேரமெல்லாம் இஞ்சை ஊத்து ஊத்தெண்டு ஊத்தினது.

2022 மார்கழியில வந்த மாண்டஸ் இன்னும் கெட்டித்தனமான ஆள். இஞ்சை ஏறவே இல்லை. மாமல்லபுரத்துக்குக் கிட்டப் போய்த்தான் ஏறினது. ஆனால் போற போக்கில வடக்கே கிடந்த குளிரையும் இந்தியாப் பக்கத்துப் புகையையும் இழுத்து எங்கட தலையில கொட்டிப்போட்டுப் போச்சுது. டில்லிக்காரர் இருமின மிச்சம் எங்களுக்கு எண்டு கரையில கதைச்சுக்கொண்டம். காத்துக் கெட்டுப்போச்சு எண்டு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்ல, மார்கழி 9 நாடு முழுக்கப் பள்ளிக்கூடம் மூடினவை. பொடியளுக்குக் கொண்டாட்டம். மாடுகளுக்குத்தான் லீவு இல்லை: வடக்கிலயும் கிழக்கிலயும் ஆயிரத்துக்கு மேல ஆடு மாடுகள் அந்தக் குளிரில விறைச்சுச் செத்தது. வெட்டையில கட்டின மாடுகள், மழையில நனைஞ்சு, பிறகு வாடையில காய்ஞ்சு. அதுகளுக்கு ஆர் சாரம் குடுத்தது? ஆனபடியால் இருபத்திமூண்டு பாகைக்கு நடுங்கிறீர் எண்டு உம்மை நான் பெரிசாய் நக்கலடிக்கேல்லை. கொஞ்சம்தான்.

சில காத்துகளில நான் பகிடி விடுறதில்லை. 1964 மார்கழி 22 இரவு அடிச்ச புயல் தனுஷ்கோடியில ரெயிலையே சனத்தோட கடலுக்குள்ள தள்ளினது. 2024 கார்த்திகைக் கடைசியில, புயலுக்குப் பெங்கல் எண்டு பேர் வைக்க முந்தியே யாழ்ப்பாணம் வெள்ளத்துக்குள்ள கிடந்தது; நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையை இடையில நிப்பாட்டினவை. 2025 கார்த்திகை 28 டித்வாப் புயல் நாட்டுக்குள்ள பூந்து, மலைநாட்டில மண் சரிஞ்சு நூற்றுக்கணக்கான சனம் போச்சுது. வளிமண்டலவியல் திணைக்களம் கடலுக்கு இறங்காதையுங்கோ எண்டு சொன்னால் எஞ்சினைக் கழட்டி வீட்டுக்குள்ள கொண்டு வந்து வைக்கிறது, போட்டை மேட்டில ஏத்திக் கயிறு போடுறது. அண்டைக்கு இடக்கையும் இல்லை வலக்கையும் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து நாகமுத்து பிரதீபராஜா எழுதிற குறிப்புகளைப் பேத்தி போனில வாசிச்சுச் சொல்லுவாள். வடிவாய்க் காது குடுத்துக் கேப்பன். பிறகு சின்னக்கடைச் சந்தையில போய் நிண்டு, நானே கடலைப் பார்த்துக் கண்டுபிடிச்ச மாதிரிச் சொல்லுவன்.

இனி மாரியின்ர உண்மையான பிரயோசனத்துக்கு வருவம். சீட்டுக்காசு கேட்டு வாறவனுக்கு "கடல் சரியில்லை, தொழில் இல்லை" எண்டால் போதும். வெயில் எறிச்சாலும் சொல்லலாம், உள்கடலில கொந்தளிப்பு எண்டு. அவன் உள்கடலுக்குப் போய்ப் பார்க்கவோ போறான்? மாமி தன்ர தம்பியைப் பார்க்கக் கொழும்புத்துறைக்குப் போவம் எண்டால் "தாழமுக்கம்" எண்டு ஒரு சொல்லு, அவ்வளவும்தான். கரோல் பாட வாற பொடியளுக்கும் இதுதான் மருந்து. முந்தநாள் இரவு வந்தாங்கள்: றபான் நனைஞ்சு சத்தமே வரேல்லை, நத்தார் பப்பாவின்ர பஞ்சுத் தாடி தண்ணியை உறிஞ்சி ஒரு பக்கமாய் இழுத்துத் தொங்குது, சிவப்புச் சாயம் கழுத்தால வழியுது. "ஐயோ தம்பியவை, நனைஞ்சு போனியள், உள்ளுக்கு வாங்கோ" எண்டு சுடச்சுடத் தேத்தண்ணி குடுத்தன். குடிச்சு முடிச்சவுடன அவங்களுக்குக் காசு கேக்க வாய் வரேல்லை. நீர் குறுக்கால போய் ஐயாயிரத்தை நீட்டினீர். வெளிநாட்டுக்காரர் எங்கட தொழிலைக் கெடுக்கிறதே இப்பிடித்தான்.

கடற்கரையில "தொழில் இல்லை" எண்டு சொல்லுற ஆக்களின்ர மூஞ்சையையும் அப்பிடியே நம்பாதையும். மழைத்தண்ணி களப்புக்குள்ள இறங்கத்தான் இறால் அசையும். இருட்டும் சேர்ந்தால் களங்கண்டி வலைக்குள்ள நல்லாய்ப் படும். விடியக் கூடையைச் சாக்கால மூடிக்கொண்டு, ஒண்டும் படேல்லை எண்டு தலையை ஆட்டிக்கொண்டு போறவரைக் கண்டால் பின்னால போய்ச் சாக்கைத் தூக்கிப் பாரும். சாக்கு ஒரு இடத்தில நிக்காமல் துள்ளும்.

இண்டைக்கு இரவு கூழ். இந்தக் குளிருக்கு உம்மட கனடாக் குளிசை ஒண்டும் சரிவராது. மாமி ஒடியல் மாவை ஊறப் போட்டிட்டா; மேல்தண்ணியை இரண்டு தரம் வடிச்சு ஊத்தினால்தான் கைப்பு எடுபடும். நண்டு, இறால், மீன்தலை, பயத்தங்காய், மரவள்ளி, முருங்கையிலை, கடைசியாய்ப் பழப்புளியும் செத்தல் மிளகாய் அரைச்சதும். கூழ் பொங்கி வர மா இறுகிக் குமிழ் வெடிக்கும். கிட்ட நிண்டால் கையில தெறிக்கும், அதைக் கையோட நக்கிப் பார்த்துத்தான் உப்புச் சொல்லுறது. பனையோலைப் பிளாவில வார்த்துத் தருவா. இரண்டு கையாலயும் பிடியும், ஒரு பக்கம் ஒழுகும். மூக்கால ஓடும், கண்ணால ஓடும், துடைக்காமல் குடியும். மூண்டாவது பிளாவோட சாரத்தைக் கழட்டிப்போட்டு வேர்க்குது எண்டு சொல்லுவீர். அப்ப எனக்குச் சாரமும் திரும்பி வரும்.

அதுக்குச் சின்னக்கடைக்குப் போய் நண்டு வாங்க வேணும். நீர் போனால் கனடா விலை சொல்லுவாங்கள், ஆனபடியால் நான் வாறன். நீர் காசை மட்டும் கொண்டு வாரும். அதோட இன்னொண்டு. பிளேனுக்குப் போட்டுக்கொண்டு வந்த மொத்த ஜக்கெற்றை இஞ்சை போட்டால் சனம் சிரிக்கும் எண்டுதானே அலுமாரிக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறீர்? திரும்பிப் போகேக்க மாமி தாற மிளகாய்த்தூளும் பனாட்டும் கருவாடும் சேர்த்தால் உம்மட சூட்கேஸ் கட்டாயம் பாரம் கூடும். எதையாவது விட்டிட்டுத்தான் போக வேண்டி வரும். கருவாட்டை விடேலாது. ஜக்கெற்றின்ர கை எனக்குக் கொஞ்சம் நீளம்தான். நேற்று நீர் குளிக்கப் போன நேரம் போட்டுப் பார்த்தனான். அதை மடிச்சு விடலாம்.