ரசச் சோதனை: சட்டைப்பைக் கேமராவை மதிப்பிடும் முறை குறித்து ஓர் ஆய்வு

சட்டைப்பைக்குள் அடங்கும் டிஜிட்டல் கேமராக்களை மதிப்பிடும் அறிஞர்கள் இதுவரை செங்கற்சுவரையும் சோதனை அட்டையையும் படமெடுத்தே தீர்ப்பு வழங்கி வந்திருக்கிறார்கள். ஐஎஸ்ஓ 12233 என்னும் அனைத்துலகத் தரநிலைக்கான அட்டையில் கோடுகள் வரவர நெருங்கிக்கொண்டே போகும். எந்த இடத்தில் கேமராவுக்குக் கோடுகள் குழம்புகின்றனவோ அங்கே அதன் திறன் தீர்ந்தது என்பார்கள். நிறத்துக்கு 24 கட்டங்கள் கொண்ட வேறோர் அட்டை உண்டு. இவற்றின் மீது நமக்குப் பகையில்லை. ஆனால் வீட்டில் கேமரா வைத்திருப்பவர் அன்றாடம் எடுப்பது மனிதரை, அதிலும் உறவினரை. கேமராவைக் கண்டதும் செங்கற்சுவர் தலையைச் சீவிக்கொள்வதில்லை. "இருப்பா, நைட்டியில இருக்கேன்" என்று எந்தச் சோதனை அட்டையும் சொன்னதாகப் பதிவில்லை. ஆகவே இக்கட்டுரை வேறோர் அளவையை முன்வைக்கிறது. கேமரா பையிலிருந்து வெளிவந்து, விழித்து, படம் பிடிக்க ஆகும் நேரத்தை விழிப்புக் காலம் என்போம். எதிரே இருப்பவர் அதைக் கண்டு தம் சொந்த முகத்தை எடுத்துவிட்டுப் படத்துக்கான முகத்தை மாட்டிக்கொள்ள ஆகும் நேரத்தை விறைப்புக் காலம் என்போம். முன்னது பின்னதற்குள் அடங்கினால் அது நல்ல கேமரா. மெகாபிக்சல், ஜூம், எடை, விலை யாவும் இதற்குள் அடக்கம் என்க.

விறைப்பு நேற்றுத் தோன்றியதன்று. 1839-இல் பாரிசில் டாகுவேரின் புகைப்பட முறை அறிவிக்கப்பட்ட காலத்தில் ஒரு முகம் தகட்டில் பதிய நெடுநேரம் அசையாதிருக்க வேண்டியிருந்தது. அதற்காகப் படக்கூடங்களில் இருப்பவரின் பிடரிக்குப் பின்னே இரும்புத் தாங்கி வைத்தார்கள். பின்னர் வேதியியல் வளர்ந்தது, நேரம் விநாடியின் சிறு பங்காகக் குறைந்தது, தாங்கியும் பழைய இரும்புக்குப் போனது. பிடரி மட்டும் இன்னும் அது இருப்பதாகவே நினைத்துக்கொண்டு நிற்கிறது. கேமரா நிறுவனங்கள் இந்நோயைத் தீர்க்க முயலாமல் வளர்த்தன என்பதற்கும் சான்றுண்டு. 2007-இல் சோனி, எதிரே இருப்பவர் சிரிக்கும்வரை காத்திருந்து தானே படமெடுக்கும் சட்டைப்பைக் கேமராவை விற்றது. கேமரா மனிதருக்காகக் காத்திருப்பது போய், மனிதர் கேமராவின் திருப்திக்காகப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் நிலை அப்போது முழுமையடைந்தது.

இனிக் கணக்கு. கண் கண்டதற்கு உடல் அசைய மனிதருக்கு ஏறத்தாழக் கால் விநாடி வேண்டும். விழிப்பு வேகத்துக்குப் பேர்போன ரிக்கோ ஜிஆர் 3 (2019) இயங்கத் தொடங்க 0.8 விநாடி ஆகிறது என்று அதன் தயாரிப்பாளரே சொல்கிறார். ஜூம் லென்ஸ் கொண்டவற்றில் அந்த லென்ஸ் ஒரு சிறு முனகலோடு வெளியே நீள வேண்டும், முனகலே முன்னறிவிப்பு. குவியம் தேட முகத்தில் விழும் செம்மஞ்சள் விளக்கு இரண்டாம் அறிவிப்பு. ஃபிளாஷோ தண்டோரா. ஆகக் கணக்குப்படி எந்தக் கேமராவும் வெல்லாது. கால் விநாடிக்கு முன் முக்கால் விநாடி தோற்றுத்தான் ஆகவேண்டும். இவ்விடத்தில் சிலர் புகைப்படக் கலைஞர் டைடோ மோரியாமாவைத் துணைக்கு அழைப்பர்: ஜிஆர் வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் டோக்கியோத் தெருக்களில் விறைக்காத முகங்களைப் பல்லாண்டு எடுக்கவில்லையா? எடுத்தார். ஆனால் அவர் எடுத்தது வழிப்போக்கரை. வழிப்போக்கர் தம் வழியே போய்விடுவார். அத்தை போகமாட்டார், படத்தைக் காட்டச் சொல்வார். எனவே எதிரே இருப்பவரின் கண், கை, கவனம் மூன்றும் வேறெங்கோ கட்டுண்டிருக்கும் தருணம் ஒன்றைத் தேர்ந்து, அந்தத் தருணத்துக்குள் கேமரா வேலையை முடிக்கிறதா என்று பார்ப்பதே தக்க சோதனை.

அத்தருணம் பந்தியில் ரசம் ஊற்றும் வேளை. காரணம் வருமாறு. சாம்பார் கெட்டி, ஊற்றிய இடத்தில் நிற்கும், உண்பவருக்கு நிமிர்ந்து பார்க்க ஓய்வு கிடைக்கிறது. பாயசத்தின்போது அளவு பற்றிய கவலையில் எல்லோரும் வாளியையே நிமிர்ந்து பார்க்கிறார்கள். அது வேறு வகை விறைப்பு. மோர் வருவதற்குள் அடுத்த பந்திக்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவதால் யாருக்கும் நிம்மதியில்லை. ரசம் ஒன்றே ஓடும் பொருள், சுடும் பொருள், மடியை நோக்கிச் சரியும் பொருள். சோற்றில் குழி பறித்து, கரை கட்டி, கரை உடையும் திசையில் விரலால் அணைபோட்டு, ஓட்டத்தை இலைக்குள்ளேயே திருப்பி, சூட்டோடு வாயில் சேர்க்கவும் வேண்டும். இவ்வளவுக்கும் ஒரு கைதான். இச்சில விநாடிகளில் ஒன்றுவிட்ட சித்தப்பாவின் முகம் முழுக்க அவருடையது. கேமராவுக்கும் இது எளிதன்று: மேலே டியூப்லைட், கீழே வெள்ளை வேட்டி, பச்சை இலை, நடுவே ஆவி, ஓயாமல் அசையும் கைகள். குவியத்தைத் தேடிக்கொண்டிருந்தால் ரசம் வற்றிவிடும். ஜிஆர் 3-இல் குவியத்தை முன்கூட்டியே 2 மீட்டரில் நிறுத்தி வைக்கலாம், எஃப் 2.8 துளையில்கூட ஏறத்தாழ ஒன்றரை மீட்டரிலிருந்து மூன்று மீட்டர்வரை முகம் தெளிவாக விழும். எதிர் வரிசைப் பந்திக்கு இது அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது. ரிக்கோவில் யாராவது பந்தி பரிமாறிப் பார்த்தார்களோ என்னவோ.

அற்றேல், படத்தின் தரம் எங்கே போயிற்று என்று உணரிக் கட்சியினர் கேட்பர். தரத்தை நாம் தள்ளவில்லை, அதற்குரிய இடத்தில் உட்கார வைக்கிறோம். மண்டபத்து வெளிச்சத்தை 100 லக்ஸ் எனக் கொண்டால் எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600-இல் ஷட்டர் 1/60 விநாடி திறந்திருக்க வேண்டும். அணைகட்டும் விரலை உறையவைக்க 1/250 வேண்டும். அதற்கு ஐஎஸ்ஓ 6400. சாதாரணச் சட்டைப்பைக் கேமராவின் உணரி 28 சதுர மில்லிமீட்டர்தான். அவ்வளவு உணர்திறனில் அது சித்தப்பாவுக்கும் சோற்றுக்கும் ஒரே நிறம் தரும். சோனி ஆர்எக்ஸ்100 (2012) வகையில் அது 116 சதுர மில்லிமீட்டர், ஜிஆர் 3-இல் 366. பரப்பு கூடினால் ஃபிளாஷ் வேண்டாம். ஃபிளாஷ் இல்லையேல் தண்டோரா இல்லை. பெரிய உணரியின் பயன் அது. மெகாபிக்சலுக்கு அந்தப் பெருமையும் கிடையாது: ஆறுக்கு நான்கு அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளியாக அச்சிட 22 லட்சம் பிக்சல் போதும், இன்று விற்கும் எதிலும் அதைப்போலப் பல மடங்கு உண்டு.

மின்கலத்தைப் பற்றியும் ஒரு சொல். ஜிஆர் 3-க்கு ஒரு மின்னேற்றத்தில் ஏறத்தாழ 200 படம் என்பது சிபா என்னும் ஜப்பானியக் கேமராச் சங்கத்தின் முறைப்படி வந்த எண். அம்முறையில் 30 விநாடிக்கு ஒரு படம். ஜூமும் ஃபிளாஷும் இருந்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஜூமை நகர்த்தி, ஒன்றுவிட்டு ஒன்றுக்கு ஃபிளாஷ் போட்டு, பத்துப் படத்துக்கு ஒருமுறை அணைத்து எழுப்ப வேண்டும். இப்படிப் படமெடுக்கும் ஒருவரை எந்தக் குடும்பமும் இரண்டாம் முறை அழைக்காது. நம் முறையில் கேமரா சாம்பார் தொடங்கும்போதே விழித்திருந்து ரசத்துக்காகக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பில் தீரும் மின்சாரத்தை அந்த 200 என்னும் எண் சொல்வதில்லை. ஜிஆர் 3-இன் உண்மையான குறை இவ்விடத்தில்தான். மாற்று மின்கலம் ஒன்று வேட்டி மடிப்பில் இருத்தல் நலம்.

வலிமையான எதிர்வாதம் கைபேசியிடமிருந்து வருகிறது. 2010-இல் உலகெங்கும் 10 கோடிக்கு மேல் அனுப்பப்பட்ட சட்டைப்பைக் கேமரா 2023-இல் 20 லட்சத்துக்கும் கீழே இறங்கிற்று. மக்கள் தீர்ப்பளித்த பின் ஆய்வெதற்கு என்பர். வேகத்தில் கைபேசியே வெல்லும் என்பதை ஒப்புக்கொள்ளலாம். பொத்தானை இருமுறை அழுத்தினால் பல கைபேசிகளில் கேமரா திறந்துவிடுகிறது. ஆயினும் அது வேறிரண்டு இடங்களில் வீழ்கிறது. ஒன்று, நிமிர்த்திப் பிடித்த கைபேசி எதற்கென்று இப்போது எல்லோருக்கும் தெரியும். ஸ்டேட்டஸில் வந்துவிடுமோ என்ற அச்சம் விறைப்புக் காலத்தை முன்னெப்போதும் இல்லாத அளவு குறைத்துவிட்டது. கையகலச் சிறு கேமராவை யாரும் பொருட்படுத்துவதில்லை. இரண்டு, படமெடுப்பவரும் அதே பந்தியில் உண்பவர். ஈரக் கையைத் தொடுதிரை மதிக்காது. விரலுக்குத் தட்டுப்படும் பொத்தான் மதிக்கும். ஜப்பானில் விற்கும் கைபேசிகள் பலவற்றில் படமெடுக்கும் ஓசையை அணைக்க முடியாது என்பது நம் நாட்டுப் பந்திக்குப் பொருந்தாது. எனினும் கைபேசி மீதான ஐயம் உலகப் பொது என்பதற்கு அது சான்றாகும்.

உண்பவரைக் கேட்காமல் எடுப்பது முறையா என்னும் கேள்வி எஞ்சுகிறது. கல்யாண வீடியோக்காரர் கண் கூசும் விளக்கோடு பந்திக்கு வருவதை யாரும் தடுப்பதில்லை. அவர் முன் வரிசை முழுவதும் மெல்லுவதை நிறுத்தி, வாயில் உள்ளதை ஒரு கன்னத்தில் ஒதுக்கி, இலைக்கு மேல் கையை அந்தரத்தில் வைத்துக் காத்திருக்கிறது. அதற்கு இது தாழ்வில்லை. ஆனாலும் ஓர் எல்லை தேவை: கேமராவைப் பிடுங்கிப் படத்தை அழிக்கும் உரிமையுள்ள உறவினரிடம் மட்டுமே சோதனை நடத்தப்பட வேண்டும். செயல்முறையாவது: ரசம் கொதிக்கக் கொதிக்க இருத்தல் வேண்டும். தலைவாழை இலையே தரம். கம்பார்ட்மென்ட் தட்டில் கரை ஏற்கெனவே கட்டப்பட்டிருப்பதால் முடிவு செல்லாது. ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிப்பவரைக் கணக்கில் சேர்க்கலாகாது. அவருக்கு இடக்கை ஓய்வாக இருக்கிறது, தலையைச் சீவிக்கொள்வார்.