நடுவில் பன்னிரண்டு அடி

என் சித்தப்பாவிடம் விண்டோஸ் எக்ஸ்பியைப் பற்றிக் குறை சொல்வதாக இருந்தால் முதலில் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். சொன்ன பிறகு இலை விழாது.

கும்பகோணத்தில் வீட்டு முன்னறையிலேயே கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவர் அவர். பேஜ்மேக்கர்தான் தொழிற்கருவி. 2001-ல் வந்த ஏழாம் பதிப்போடு அந்த மென்பொருள் நின்றுபோனது. அதே ஆண்டில் வந்த எக்ஸ்பியில்தான் அது அவருக்குச் சொன்னபடி கேட்கிறது. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள், அவற்றுக்கென்று விரல்களுக்குப் பழகிய தட்டச்சு முறை, இன்றைய மணப்பெண்ணின் அம்மாவுக்கு அடித்துக் கொடுத்த பத்திரிகை, எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கான ஆதரவை நிறுத்தியதைச் சொன்னபோது சித்தப்பா கேட்டது ஒன்றுதான்: “அவங்க நிறுத்தினா நான் ஏன்டா நிறுத்தணும்?”

சிக்கல் வடிவமைப்பில் இல்லை, அதை வெளியே அனுப்புவதில். பத்திரிகையை பிடிஎஃப் ஆக்கி ஆஃப்செட் அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். எக்ஸ்பியில் இருக்கும் பிரவுசருக்கு வாட்ஸ்அப் வெப் என்றால் வெறும் வெள்ளைப் பக்கம். எனவே கோப்பு பின்னறையில் இருக்கும் தங்கையின் மடிக்கணினிக்குப் போக வேண்டும். நடுவில் பன்னிரண்டு அடி, ஒரு சுவர், ஒரு சாமி மாடம்.

பென்டிரைவில் கொண்டு போகலாமே என்பீர்கள். சித்தப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். ஒருமுறை ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவைச் செருகியதும் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட் ஆகிவிட்டன. ஒரு முகூர்த்தத்துக்குரிய வேலை அத்தனையும் கண்ணெதிரே மாயமானது. அன்று முதல் அந்த முன்னறைக்குள் பென்டிரைவுக்கு அனுமதி இல்லை. வாடிக்கையாளர் சட்டைப்பையில் கயிறு தொங்கினால்கூட அவர் கண் அங்கேதான் போகும்.

இந்தப் பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். என்றோ ஒருநாள் பெரியம்மா வீட்டு பிரிண்டரை ஓடவைத்ததால் குடும்பத்தில் ‘கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ளை’ என்று எனக்குப் பெயர்.

விசேஷம் என்னவென்றால், முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. 2018 தீபாவளிக்குத் தங்கைக்கு விண்டோஸ் 10 போட்ட மடிக்கணினி வாங்கினார்கள். முன்னறைக் கணினியில் ஒரு ஃபோல்டரைப் பகிர்வுக்கு விட்டேன், பின்னறையில் திறந்தது. கார்த்திகை முகூர்த்தங்கள் அத்தனையும் அப்படியே போயின. தை பிறந்ததும் நின்றுவிட்டது. யாரும் எதையும் தொடவில்லை என்று வீட்டில் எல்லாரும் சத்தியம் செய்தார்கள். அதுதான் காரணமும்: யாரும் தொடவில்லை.

எக்ஸ்பிக்குத் தெரிந்த கோப்புப் பகிர்வு முறை ஒன்றே ஒன்று, எஸ்எம்பி முதல் பதிப்பு. 2017 அக்டோபருக்குப் பிறகு வந்த விண்டோஸ் 10-ல் ஒரு ஏற்பாடு உண்டு. அந்தப் பழைய முறை பதினைந்து நாள் பயன்படாமல் கிடந்தால், விண்டோஸ் அதைத் தானாகவே கழற்றி வைத்துவிடும். கணினியை அணைத்து வைத்த நேரம் கணக்கில் சேராது. தங்கை படம் பார்ப்பதற்காக அது ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்தது. மார்கழியில் நம் ஊரில் யார் கல்யாணம் செய்கிறார்கள்? பத்திரிகை இல்லை, பகிர்வு இல்லை. மைக்ரோசாஃப்டின் ரெட்மண்ட் தலைமையகத்தில் உட்கார்ந்து இந்த விதியை எழுதியவருக்கு மார்கழி என்று ஒன்று இருப்பதை யாரும் சொல்லவில்லை.

இது எனக்குத் தெரியவருவதற்குள் தெருவில் இருந்த நிபுணர்கள் எல்லாம் வந்து போனார்கள். எதிர்வீட்டுப் பையன், இரண்டு கணினியிலும் ஒர்க்குரூப் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும் என்றான். இந்த அறிவுரை இருபது ஆண்டுகளாகச் சுற்றி வருகிறது. அந்தப் பெயர் வேறாக இருந்தாலும் முகவரி தெரிந்தால் திறக்கும். ஆனால் மாற்றினால் கணினி ஒருமுறை அணைந்து எரிவதால் ஏதோ வைத்தியம் நடந்த திருப்தி கிடைக்கிறது. இன்னொருவர் ஃபயர்வாலை மொத்தமாக அணைக்கச் சொன்னார். அவருக்குக் காபி மட்டும் கொடுத்து அனுப்பினோம்.

நான் நெட்வொர்க் ஜன்னலைத் திறந்தேன். அதில் மோடமும் டிவியும் இருந்தன, சித்தப்பாவின் கணினி இல்லை. பட்டியலில் இல்லாததால் வீட்டிலேயே இல்லை என்று அர்த்தமில்லை. அந்தப் பட்டியலைத் தயாரித்த பழைய சேவையும் எஸ்எம்பி முதல் பதிப்பை நம்பித்தான் பிழைத்தது. அது போனதும் இதுவும் போயிற்று. நேரே எண்ணை அடித்துக் கூப்பிட்டுப் பார்க்கலாம். நான் முன்னறையில் எண்ணைப் பார்த்துச் சொல்ல, சித்தப்பா பின்னறையில் அடித்தார்.

“ரெண்டு ஸ்லாஷ் போடுங்க சித்தப்பா. பின்பக்கம் சாஞ்சது.”

“யாருக்குப் பின்பக்கம்? எனக்கா, அதுக்கா?”

“என்டர் கீக்கு மேல இருக்கும் பாருங்க.”

“இதுல என்டருக்கு மேல புள்ளியும் கோடுமா என்னென்னவோ இருக்குடா.”

கடைசியில் தங்கை வந்து அடித்தாள். இந்தமுறை விண்டோஸ் ஒளிவுமறைவில்லாமல் சொன்னது: இந்தப் பகிர்வு பாதுகாப்பானது இல்லை, காலாவதியான எஸ்எம்பி முதல் பதிப்பைக் கேட்கிறது, தர மாட்டேன். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். கணினியின் பெயரைப் போட்டுக் கூப்பிட்டபோதெல்லாம் பூஜ்யத்தில் தொடங்கி முப்பத்தைந்தில் முடியும் ஒரு நீளமான எண்ணைக் காட்டி, பாதையே இல்லை என்று சாதித்தது.

சித்தப்பாவுக்குக் கோபம். “என் மெஷினுக்கு என்ன வியாதியா?”

வியாதி இல்லை, பழக்கம். எக்ஸ்பி என்பது திண்ணை வைத்த வீடு. வருகிறவர் யார், எந்த ஊர் என்று கேட்காமல் உட்காரச் சொல்லும். எஸ்எம்பி என்ற அதன் பகிர்வு முறையின் மூல வடிவம் 1983-ல் ஐபிஎம் நிறுவனத்தில் பேரி ஃபைகன்பாம் உருவாக்கியது. கபில் தேவ் லார்ட்ஸில் கோப்பையைத் தூக்கிய வருஷம். அப்போது ஓர் அலுவலகத்தின் நாலைந்து கணினிகள் ஒன்றையொன்று நம்பினால் போதுமானதாக இருந்தது. 2016-லேயே மைக்ரோசாஃப்டின் நெட் பைல், இதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள் என்று உலகத்தைக் கேட்டு எழுதினார். கேட்டவர் குறைவு. 2017 மே 12-ஆம் தேதி வான்னாக்ரை என்ற கணினிப் புழு வந்தது. அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏவிடமிருந்து கசிந்த உத்தி ஒன்றை வைத்து, இந்த முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகக் கணினி விட்டுக் கணினி தாவி, கோப்புகளைப் பூட்டிவிட்டு முந்நூறு டாலர் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. ஓய்வுபெற்று மூன்று ஆண்டுகள் ஆன எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஓர் ஒட்டு தைத்துக் கொடுத்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் புழு அதிகம் பிடித்தது விண்டோஸ் 7-ஐத்தான். எக்ஸ்பிக்குள் நுழைய முயன்றால் பெரும்பாலும் எக்ஸ்பி நீலத்திரை காட்டி மடிந்து விழுந்துவிடும்; புழுவுக்கு மேற்கொண்டு போக வழி இருக்காது. இதைச் சித்தப்பாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. “பாத்தியா, மானஸ்தன்” என்று அந்தப் பெட்டியின் தலையைத் தட்டிக் கொடுத்தார்.

கன்ட்ரோல் பேனலில் போய் ஒரு டிக் போட்டால் பழைய முறை திரும்ப வந்துவிடும். போடு போடு என்று வீடே சொன்னது. நான் மறுத்தேன். சித்தப்பாவின் கணினி முன்னறையை விட்டு நகராது. தங்கையின் மடிக்கணினி கல்லூரி வைஃபையிலும் விடுதியிலும் ஊர் சுற்றுகிறது. விண்டோஸ் செய்தது சரி என்பதுதான் என் கட்சி. பன்னிரண்டு அடிக்காக அந்தக் கதவைத் திறந்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

புதுசுக்கும் புதுசுக்கும் ஒத்துப்போகும் என்று நினைக்க வேண்டாம். என் மடிக்கணினியிலிருந்து தங்கையுடையதைத் திறந்து பார்த்தபோது அது கடவுச்சொல் கேட்டது. அவளுக்குத் தெரிந்தது நான்கு இலக்கப் பின் மட்டும். பின் என்பது அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே செல்லும். நெட்வொர்க் வழியே வருகிறவர் முழுக் கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டும். மடிக்கணினியை வாங்கிய அன்று கடைக்காரப் பையன் எதையோ அடித்தான், அவன் இப்போது துபாயில் இருக்கிறான். போதாக்குறைக்கு, வீட்டு வைஃபையில் முதன்முதலாகச் சேர்ந்தபோது மற்றக் கணினிகளின் கண்ணில் படலாமா என்று விண்டோஸ் கேட்டதற்கு, வயசுப்பெண் என்ன சொல்வாளோ அதைச் சொல்லியிருந்தாள். எனவே அவள் கணினி எங்கள் கூடத்தை ரயில் நிலையம் என்றே நம்பிக்கொண்டிருந்தது.

வழி பிறந்தது இன்னும் பழைய இடத்திலிருந்து. எஃப்டிபி என்ற கோப்பு மாற்று முறையை முதலில் எழுதி வைத்தவர் அபய் பூஷண், கான்பூர் ஐஐடியின் முதல் அணி மாணவர், 1971-ல். எஸ்எம்பியைவிடப் பன்னிரண்டு வயது மூத்தது. 1983-ஐக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் விண்டோஸ் 10, 1971-க்கு எழுந்து நின்று வழிவிடுகிறது. எக்ஸ்பிக்கும் அது நன்றாகவே தெரியும். எஃப்டிபி பெரிய யோக்கியம் ஒன்றும் இல்லை, கடவுச்சொல்லைக்கூட மறைக்காமல் ஒயரில் அனுப்பும். வீட்டுக்குள் ஐந்து நிமிஷம் திறந்து மூடுவதற்கு அது போதும்.

சித்தப்பாவின் ஆண்ட்ராய்டு போனில் இருந்த ஃபைல் மேனேஜரில் எஃப்டிபி சர்வர் என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தியதும் ஒரு முகவரி வந்தது. அதை எக்ஸ்பியில் அடித்தோம். இந்தமுறை முன்பக்கம் சாய்ந்த ஸ்லாஷ். போனின் உள்ளே இருந்த ஃபோல்டர்கள் முன்னறைத் திரையில் வரிசையாக நின்றன. பிடிஎஃபை இழுத்துப் போட்டார், போய்ச் சேர்ந்தது.

“இப்ப இதே முகவரியைப் பின்னறையில அடிச்சா மடிக்கணினிக்கு எடுத்துக்கலாம் சித்தப்பா” என்று எழுந்தேன்.

அவர் எழவில்லை. போனைக் கையில் எடுத்து, அச்சகத்துக்காரர் பெயரைத் தேடி, அங்கேயே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். வாடிக்கையாளருக்கும் ஒரு பிரதி.

“போன்லதான் வந்துடுச்சே. அதுக்கு எதுக்குடா அவ்வளவு தூரம் போகணும்?”

அதோடு அந்த மடிக்கணினிக்கு எங்கள் தொழிலில் வேலை முடிந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை முடித்துக்கொண்டபோது, சித்தப்பா தங்கைக்கு போன் போட்டு முறைப்படி துக்கம் விசாரித்தார்.

அன்றைக்கு பிடிஎஃப் போன கையோடு பெண்வீட்டாரிடமிருந்து அழைப்பு வந்தது. பத்திரிகை பிரமாதம், ஒரே ஒரு திருத்தம்: பெண்ணின் பெரியப்பா பெயருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’ என்று போட்டிருக்கிறது, அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், பேச வேண்டுமாம்.

சித்தப்பா எக்ஸ்பியின் பொத்தானை அழுத்திவிட்டு, போனை என்னிடம் நீட்டினார். “அது பூட் ஆகற வரைக்கும் நீ பேசு.”