குடமும் கொட்டைப்பாக்களவு புளியும்

செம்புக் குடத்தில் ராத்திரி ஊற்றிவைத்த தண்ணீரைக் காலையில் குடித்தால் எந்த நோயும் அண்டாது என்று வாட்ஸ்அப் வைத்தியர் ஒருவர் சொல்லிவிட்டார். என் மனைவிக்கு அது வேதவாக்கு; செம்புக் குடம் வேண்டும் என்றாள். டெல்லி மந்திர் மார்க்கில், பிர்லா மந்திர் மணியோசை கேட்கும் தூரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ்.

"கோல் மார்க்கெட்லயே கிடைக்குமே?"

"அதெல்லாம் மெஷின்ல அடிச்சதுங்க. கையால அடிச்சதுதான் வேணும்."

கையால் அடிப்பவர்கள் அமிர்தசரஸ் பக்கத்து ஜண்டியாலா குருவில் இருக்கிறார்கள். ஒரு குடத்துக்காக 400 கிலோமீட்டருக்கு மேல் பயணம். அவர்களுக்குத் தட்டேரா என்று பெயர். நம்மூர்க் கன்னார் மாதிரி. மகாராஜா ரஞ்சித் சிங் ஆதரித்து வளர்த்த தொழில்.

தெருவுக்குள் நுழைந்ததும் டங் டங் சத்தம். என் அரைகுறை இந்தியை யாரும் கேட்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை, எல்லாம் கைச்சாடைதான். ஒரு பெரியவர், தரையில் பதித்த சின்ன அடுப்பில் துருத்தி ஊதித் தகட்டைக் காய்ச்சினார். தட்டினார். மறுபடி காய்ச்சினார். தகடு வளைந்து, வயிறு வைத்து, குடமாயிற்று. அப்புறம் அதன் உடம்பெல்லாம் பொடிப்பொடிக் குழியாகத் தட்டினார். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பது குடத்தைப் பார்த்துப் பிறந்த பழமொழியாகத்தான் இருக்க வேண்டும்.

கடைசியாகப் பளபளப்பு ஏற்ற ஒரு கிண்ணத்தை எடுத்தார். எட்டிப் பார்த்தேன். புளிக்கரைசல்! பக்கத்தில் மணல்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கும்பகோணத்தில் வெள்ளிக்கிழமைதோறும் அம்மா என்னைக் கிணற்றடியில் உட்காரவைத்து, புளியும் செங்கல்பொடியும் கொடுத்துப் பாத்திரம் தேய்க்கச் சொல்வாள். அழுதுகொண்டே தேய்ப்பேன். அதிலிருந்து தப்பிக்கத்தான் படித்து, பரீட்சை எழுதி, டெல்லிக்கே ஓடிவந்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஜண்டியாலாக்காரர்கள் அடிப்பது, காய்ச்சுவது, புளி போட்டுத் தேய்ப்பது எல்லாவற்றையும் சேர்த்து 2014-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபு என்று பட்டியலில் ஏற்றியிருக்கிறது. அம்மாவுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

குடம் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகவில்லை, டெல்லிக் காற்றில் கறுத்துவிட்டது. சனிக்கிழமை காலை மனைவி கொட்டைப்பாக்களவு புளியை நீட்டினாள்.

"ஏங்க, மரபு காத்துக்கிட்டிருக்கு."

நோய் எதுவும் அண்டவில்லை, தோள்வலியைத் தவிர. சனிக்கிழமை ரசத்தில்தான் புளிப்பு கொஞ்சம் மட்டு.