குறைந்தால் தங்கம்

ஒலிம்பிக்கில் ஆண்கள் கோல்ஃப் மாதிரி நியாயமான போட்டி வேறில்லை. 2024இல் பாரிஸில் 60 பேர் நான்கு நாள் ஆடினார்கள். 265 அடியில் முடித்த ஸ்காட்டி ஷெஃப்லருக்குத் தங்கம். நிர்ணயித்த அளவைவிட 19 அடி குறைவு. குறையக் குறையப் பெருமை!

இலங்கையின் லுணுகலைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் இந்த விதியை உடனே கொண்டுவர வேண்டும். அங்கே இன்னும் பழைய கணக்குத்தான்: தராசில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். இனிமேல் கிலோ குறைந்ததும் கணக்கப்பிள்ளை எழுந்து நின்று கைதட்டலாம்.

கோல்ஃப் வீரருக்கு 14 மட்டை வரை அனுமதி. பையைத் தூக்க ஓர் ஆள். வீரர் குறிபார்க்கும்போது கூட்டம் இருமக்கூட இருமாது. கொழுந்தெடுக்கும் அக்காவுக்குப் பின்னாலும் ஒருவர் கூடையைச் சுமந்து நடந்து, காற்று எந்தப் பக்கம் என்று காதில் சொன்னால் என்ன? அக்காவின் கை கொழுந்தைத் தொடும் நேரம் கங்காணி வாயைத் திறக்கக் கூடாது. (இது மட்டும் சற்றுச் சிரமம்.)

112 ஆண்டுகள் கழித்து, 2016இல் ரியோவுக்குக் கோல்ஃப் திரும்பியபோது ரோரி மெக்கில்ராய், ஜேசன் டே போன்றோர் ஸிக்கா வைரஸ் பரப்பும் கொசுவைக் காரணம் காட்டி விலகினார்கள். காலில் சவர்க்காரம் தேய்த்து மழையில் மலையேறும் பெண்ணும் இனி அட்டைக்கடியைக் காரணம் காட்டலாம்.

தோட்டக் கம்பனிகளுக்கு இதெல்லாம் புதிதல்ல. குறைவே சிறப்பு என்பதைச் சம்பளத்தில் எப்போதோ நடைமுறைப்படுத்திவிட்டன. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அந்தத் தொகை அளவை மீறிவிட்டதென்று கம்பனிகள் நீதிமன்றத்துக்குப் போயின.