தன்னால மேஞ்சுக்கிரும்!

இந்த வாரமும் ஒருவர் செல்போன் திரையில் தோன்றி, பத்து நாட்டுக்கோழியைக் கொல்லைப்புறத்தில் அவிழ்த்துவிட்டால் போதும், செலவே கிடையாது, “தன்னால மேஞ்சுக்கிரும்” என்று அடித்துச் சொல்லிவிட்டார். எங்கள் எழுமலை வட்டாரத்தில், மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் இல்லை என்பதற்கு அடுத்தபடியாக உறுதியாகச் சொல்லப்படுகிற வாக்கியம் இதுதான். வாத்துக்கும் இது பொருந்துமா என்பதே நான் சொல்ல வந்தது. அதற்கு முன் இந்தத் ‘தன்னால’வைக் கொஞ்சம் கிளற வேண்டியிருக்கிறது. கோழி மட்டும்தான் கிளறவேண்டும் என்று சட்டமா?

கோழி மேய்வதில் சந்தேகமில்லை; யார் கணக்கில் மேய்கிறது என்பதுதான் கேள்வி. பக்கத்து வீட்டுக் களத்தில் காயும் கம்பு, எதிர்வீட்டு வத்தல், அதற்கடுத்த வீட்டில் நேற்று நட்ட கத்திரி நாற்று: இவற்றின் விலை எந்தக் காணொளியிலும் வருவதில்லை. குஞ்சாக இருக்கும்போது குருணை போடவேண்டும். பழைய பானையில் சாணமும் வைக்கோலும் அடைத்து ராத்திரி கவிழ்த்து வைத்து, விடிந்ததும் கறையானைத் தட்டிக் கொடுக்கவேண்டும். பகலில் பருந்து, இரவில் கீரி. பொழுது சாய்ந்தால் எண்ணிப் பார்த்துப் பஞ்சாரத்தில் கவிழ்க்கவேண்டும். ஒன்று குறைந்தால் டார்ச் லைட்டோடு வேலியோரம் அலையவேண்டும். ‘தன்னால’ என்பது, விசாரித்தால், அந்த வீட்டு அம்மாவின் இன்னொரு பெயர்.

அடுத்தது அடை. நாட்டுக்கோழி 12, 15 முட்டை இட்டதும் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிடும். 21 நாள் எழுந்திருக்காது. பிறகு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு மாதம் ஊர்வலம். தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். கோழிக்கு அந்த உச்சவரம்பும் இல்லை. முட்டையை எடுத்துவிட்டால் வெறுந்தரையை அடைகாக்கும். உருளைக்கல்லை வைத்தால் அதையும் காக்கும். கல் பொரிக்காததற்கு நம்மை முறைக்கும். தண்ணீரில் முக்குகிறார்கள், மூக்கில் சிறகைக் குத்துகிறார்கள். எழுந்து உதறிக்கொண்டு போய் மறுபடி அதே மூலையில் உட்காருகிறது. இந்த வைராக்கியத்தில் பாதி இருந்தால் நாமெல்லாம் ஐ.ஏ.எஸ். ஆகியிருப்போம். ஆக, வருஷத்துக்கு 50, 60 முட்டை தேறும். நாமக்கல் பண்ணைக்கோழி 300 இடுகிறதே என்றால், தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து அதன் அடைப் புத்தியையே எடுத்துவிட்டார்கள். அது விடுப்பே கேட்காத ஊழியர், கேட்கத் தெரியாது.

“நாட்டுக்கோழிக்கு நோயே வராதே” என்பார்கள். வெள்ளைக் கழிச்சல் வந்தால் கொல்லையையே துடைத்துவிட்டுப் போகும். உத்தரகாண்டின் ராணிக்கேத் பேரில் அழைக்கப்படுவது அது. ஊர்பேர் தெரியாத நோயல்ல, ஊர் பேரையே வைத்துக்கொண்டிருக்கிற நோய். கால்நடைத் துறை முகாம் போட்டுத் தடுப்பூசி குத்துகிறது. அன்றைக்குப் பார்த்துக் கோழிகள் தன்னால மேயப் போயிருக்கும். “மஞ்சக்கரு நிறத்தைப் பாருங்க” என்பது அடுத்த வாதம். நிறம் தீனியில் வருவது. பண்ணைத் தீவனத்தில் செண்டுமல்லிச் சாறு கலந்தாலும் வரும். ருசியைப் பற்றி மட்டும் நான் வாதாடமாட்டேன். மிளகு போட்ட குழம்புக்கு முன்னால் எந்த வாதமும் நிற்காது.

வாத்துக்கு வருகிறேன். வளர்ப்பு வாத்து அடையில் உட்காருவது அபூர்வம். முட்டையை அடைக்கோழிக்கு அடியில் வைத்துவிடுவார்கள். கோழிக்கு 21 நாள் கணக்கு, வாத்து முட்டைக்கு 28. கூடுதல் ஏழு நாளைக்கு யாரும் படி கொடுப்பதில்லை. பொரித்த குஞ்சுகள் தண்ணீரைக் கண்டதும் இறங்கிவிடும். வளர்த்த தாய் கரையில் நின்று கதறும். வானம் பார்த்த ஊரில், கண்மாய் வறண்ட மாதங்களில், அந்தத் தண்ணீர் குழாயடியிலிருந்து குடத்தில் தொட்டிக்கு வரவேண்டும். அரைமணி நேரத்தில் வாத்துகள் அதைச் சேறாக்கிவிட்டு அடுத்த குடத்துக்குக் கத்தும். தொட்டியை யார் நிரப்புவது என்று அந்தத் திரைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். தன்னால நிறைஞ்சுக்கிரும் என்பார்.