எங்க ஸ்கூல்ல அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது

தென்மாவட்டங்களில் தலைமை ஆசிரியராக இருக்க எம்.ஏ., பி.எட். மட்டும் போதாது. கண் பார்வை கூர்மையாக இருக்க வேண்டும். வேண்டிய நேரத்தில் மங்கவும் தெரிய வேண்டும்.

காலை அசெம்பிளியில் ஐந்நூறு பேருக்கு நடுவே எவன் தலைமுடி காதைத் தொடுகிறது என்பது எச்.எம். கண்ணுக்குத் தெரியும். எவன் பேண்டைக் கீழே டைட்டாகப் பிடித்துத் தைத்திருக்கிறான் என்பது பி.டி. மாஸ்டருக்கு இருபதடி தூரத்திலேயே தெரியும். ஆனால் அதே பையனின் மணிக்கட்டில் இரண்டு கலரில் முறுக்கிக் கட்டிய கயிறு மட்டும் இருவருக்கும் தெரியாது. தப்பித் தவறித் தெரிந்துவிட்டால், "சாமிக் கயிறு சார்." சாமி என்றதும் சார் கும்பிடாத குறையாக நகர்ந்துவிடுகிறார். எந்தச் சாமி, அந்தச் சாமிக்குத் தெருவுக்குத் தெரு ஏன் வேறு வேறு கலர் என்று கேட்கும் அளவுக்கு அவருக்குப் பக்தி இல்லை. எந்தக் கலர் யாருடையது என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பக்கத்தில் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொல்லும் பிள்ளைகூட இதைச் சரியாகச் சொல்லிவிடும்.

2019-இல் பயிற்சிக்கு வந்திருந்த இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்கு இந்தக் கயிறு தெரிந்துவிட்டது. புது ஆட்கள், பாவம். முறையிட்டார்கள். பள்ளிக் கல்வி இயக்குநரும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்: கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு என்று சாதியைக் காட்டிக்கொள்ளும் வழக்கம் எந்தெந்தப் பள்ளிகளில் இருக்கிறதோ அங்கெல்லாம் தடுத்து நிறுத்துங்கள் என்று. உடனே எதிர்ப்பு வந்தது. அன்றைய பள்ளிக் கல்வி அமைச்சர் செங்கோட்டையன், சுற்றறிக்கை தம் கவனத்துக்கு வராமலே போய்விட்டது என்றார். பழைய நிலையே தொடரும் என்றார். தொடர்ந்தது. "எனக்குத் தெரியாது" என்பது ஸ்டாஃப் ரூமில் பிறந்து கோட்டை வரைக்கும் போய் வருகிற வாக்கியம்.

இனி விசாரணை எப்படி நடக்கும் என்று பார்ப்போம். ஒரு பையனைக் கூடப் படிக்கிறவர்கள் மாதக்கணக்கில் வாட்டி எடுக்கிறார்கள். பையைத் தூக்கு, பஸ்ஸில் எழுந்திரு, டிபன் பாக்ஸைத் திற, கடைக்குப் போ. ஒருநாள் அவன் முடியாது என்கிறான், உதடு கிழிகிறது. கூலி வேலையில் அரைநாளை விட்டுவிட்டு அவன் அம்மா எச்.எம். அறைக் கதவோரம் வந்து நிற்கிறார்.

"ஏம்மா, சும்மா இருக்கவன யாராவது வந்து அடிப்பானா? இவன் என்ன செஞ்சான்னு கேட்டியா?"

"தெனமும் சிகரெட் வாங்கிட்டு வரச் சொல்லுதாங்க சார். மாட்டேன்னு சொன்னதுக்கு..."

"சிகரெட்டா? அப்போ இவன் கடைக்குப் போயி சிகரெட் வாங்கிருக்கான். பதினெட்டு வயசு ஆகாதவன் சிகரெட் வாங்கலாமா? தப்புல்லா? நல்லவேளை, நான் போலீசுக்குச் சொல்லல."

குற்றம் இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கப்படும் என்று அம்மா எதிர்பார்க்கவில்லை. அடுத்து அடித்தவன் வீட்டார் வருகிறார்கள். நாலு பேர், அதில் அப்பா யார் என்று சட்டென்று சொல்ல முடியாது. ஒருவர் கட்சிக் கரை வேட்டி. இன்னொருவர் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்டிக் கொடுத்தவர். பெயர் கல்வெட்டில் இருக்கிறது. நாற்காலி வருகிறது. டீ வருகிறது. அம்மா அதே கதவோரம். "சின்னப் பயலுவ சமாச்சாரம். கையக் குடுங்கல" என்கிறார் சுற்றுச்சுவர். கை கொடுக்கிறார்கள். அடித்தவன் எவ்வளவு அழுத்தினான் என்பதற்குப் பதிவேட்டில் பத்தி இல்லை. எல்லோரும் போனபின் எச்.எம். அம்மாவிடம் அன்பாகச் சொல்கிறார்: "வேணும்னா டி.சி. வாங்கிக்கோம்மா, வேற ஸ்கூல்ல நிம்மதியாப் படிப்பான்." டி.சி.யில் 'நடத்தை: நன்று' என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அந்த அளவுக்குப் பெருந்தன்மை உண்டு.

சட்டம் இல்லாமல் இல்லை. 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டமே கொண்டுவந்த மாநிலம் இது. இன்று கல்லூரியில் முதலாண்டு சேருகிறவனுக்கு வாசலில் போர்டு, ஹெல்ப்லைன் நம்பர், பெற்றோர் கையெழுத்திட்ட உறுதிமொழி எல்லாம் உண்டு. அதே பையன் சில மாதம் முன்பு பிளஸ் டூவில் வாங்கிய அடிக்கு மட்டும் பெயர் விளையாட்டு.

அந்த விளையாட்டு 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் ஒரு வீட்டுக்குள் அரிவாளோடு நுழைந்தது. வள்ளியூரில் அரசு உதவி பெறும் பள்ளியில் பிளஸ் டூ படித்த தலித் மாணவன். கூடப் படித்தவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தான். ஏன் வரவில்லை என்று பள்ளியில் கேட்டார்கள், நடந்ததைச் சொன்னான். அன்று இரவே வெட்டினார்கள். தடுக்கப் பாய்ந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் பதினெட்டு நிரம்பாத பிள்ளைகள். காலையில் சொன்னது ராத்திரிக்குள் எந்த வழியாக அவர்கள் காதுக்குப் போயிருக்கும் என்று யோசிப்பவர்கள், பல பள்ளிகளில் புகார்ப் பெட்டி எங்கே தொங்குகிறது என்று ஒருமுறை போய்ப் பார்க்கலாம். எச்.எம். அறை வாசலில், எல்லோரும் பார்க்கிற இடத்தில்.

மறுநாள்தான் தமிழ்நாடு ஆச்சரியப்பட்டது. பிஞ்சு மனசில் இவ்வளவு நஞ்சா! சினிமா காரணம், செல்போன் காரணம், வாத்தியார் கையில் பிரம்பு இல்லாதது காரணம். காதுகுத்து பிளெக்ஸில் ஒன்றரை வயசுக் குழந்தையின் கையில் அரிவாள் வரைந்து கொடுத்த தாய்மாமனை யாரும் காரணம் சொல்லவில்லை. அதே பிள்ளை வளர்ந்ததும் குருபூஜை வேனின் கூரையில் ஏற்றி உட்காரவைத்து, அவன் போட்ட கூச்சலுக்குக் கைதட்டிய சித்தப்பாவையும் சொல்லவில்லை. "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க, ஸ்காலர்ஷிப் பாரம் வந்திருக்கு" என்று வகுப்பறையில் உரக்க வாசித்து, யாரை வாட்டலாம் என்று பட்டியலே போட்டுக் கொடுத்த ஆசிரியரைச் சொல்வதாவது! அவர் தம் கடமையைச் செய்தார்.

இதைத் தடுக்க வழி சொல்ல ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது. 2024 ஜூன் 18-ஆம் தேதி அறிக்கையை முதலமைச்சரிடம் கொடுத்தார். அறுநூறு பக்கத்துக்கு மேல். பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம், கயிறு, மோதிரம், பொட்டு வேண்டாம், வகுப்பில் அகர வரிசையில் உட்கார வையுங்கள், ஒரு பகுதியில் ஆதிக்கம் செலுத்தும் சாதியைச் சேர்ந்தவரை அந்தப் பகுதிக்கே அதிகாரியாகவும் தலைமை ஆசிரியராகவும் போடாதீர்கள். இதில் கடைசிதான் ஆணிவேர் என்பேன். ஆனால் சண்டை பொட்டுக்கு வந்தது. மதத்தின் மேல் கை வைக்கிறார்கள் என்று கூக்குரல் எழுந்தது. சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு கவுன்சிலர் அறிக்கையின் நகலைக் கிழித்துப் போட்டார். வெட்டுப்பட்ட பிள்ளைக்காக ஒரு தாளைக்கூடக் கசக்காத ஊரில், பொட்டுக்காக அறிக்கை கிழிகிறது.

இதற்குள் அந்த மாணவன் பிளஸ் டூவில் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்திருந்தான். முதலமைச்சர் அழைத்து வாழ்த்தினார். டி.வி. பார்த்த நமக்கெல்லாம் கண்ணில் தண்ணீர். சுபம் போட்டுவிட்டு எழுந்துவிட்டோம். பெயிலாகியிருந்தால்? நூறு மார்க் எடுத்திருந்தால் வெட்டு நியாயமாகியிருக்குமா? நம் இரக்கத்துக்குக்கூட கட்-ஆஃப் வைத்திருக்கிறோம்.

பள்ளியில் பிள்ளைகள் பிள்ளைகளை வாட்டுவதைத் தடுக்கப் பின்லாந்தில் 'கிவா' என்று ஒரு திட்டம், துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது, 2009-இலிருந்து நாடு முழுக்கப் பள்ளிகளில் நடக்கிறது. அதன் சூத்திரம் எளிது: வாட்டுகிறவனுக்கு வேண்டியது பார்வையாளர் கூட்டம், ஆகவே சுற்றி நின்று சிரிக்கிற பிள்ளைகளை, அடிபடுகிறவன் பக்கம் நிற்கப் பழக்கு, அவன் ஆட்டம் ஓய்ந்துவிடும். இதை இங்கே கொண்டுவருவதில் ஒரே ஒரு நிர்வாகச் சிக்கல்தான். நம் ஊரில் வேடிக்கை பார்க்கிறவர்களில் சிலருக்கு மாதச் சம்பளமும் பஞ்சப்படியும் உண்டு. எழுந்து நின்று கேட்கிற ஆசிரியர்கள் இல்லாமல் இல்லை. அவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். கையில் டிரான்ஸ்பர் ஆர்டர் இருக்கும்.

அடுத்த முறை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போனால், ஸ்மார்ட் போர்டு, கழிப்பறைக் கதவு எல்லாம் பேசி முடித்ததும் ஒன்று கேளுங்கள்: இந்த வருஷம் அடி வாங்கி டி.சி. வாங்கிப் போனவர்கள் எத்தனை பேர், அடித்துவிட்டு டி.சி. வாங்கியவர்கள் எத்தனை பேர்? பதில் வராவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 இருக்கிறது. குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. கயிறு கட்டியிருப்பது உங்கள் பிள்ளையின் கையில் என்றால் யாருக்கும் போன் போட வேண்டாம். வீட்டில் கத்தரிக்கோல் இருக்கும், எடுத்து வெட்டுங்கள்.